கடைக்கு வெப்சைட்: எந்த பிளாட்ஃபார்மில் போடுவது? வேலூர் வட்டாரச் சிறு வியாபாரிகளுக்கு ஒரு வழிகாட்டி

லாங் பஜாரில் மொத்த வியாபாரம் செய்பவர், காந்தி ரோட்டில் லாட்ஜ் நடத்துபவர், ஆம்பூரில் தோல் பெல்ட் தைத்து விற்பவர் என்று யார் வெப்சைட் போட நினைத்தாலும் முதலில் வரும் கேள்வி ஒன்றுதான்: வேர்ட்பிரஸ்ஸா, விக்ஸா, ஷாப்பிஃபையா? சைட்டைக் கட்டி நடத்த உதவும் இவற்றைத்தான் பிளாட்ஃபார்ம் என்கிறோம். இணையத்தில் தேடினால் ‘டாப் 10’ பட்டியல்கள் வந்து கொட்டும். அவற்றில் பெரும்பாலானவை வெளிநாட்டுக் கடைக்காரரை மனதில் வைத்து எழுதியவை. நம்முடைய டெபிட் கார்டு, ஜிஎஸ்டி, தமிழ் ஃபான்ட், சிஎம்சி ஆஸ்பத்திரிக்கு வரும் வங்காளக் குடும்பம் இதெல்லாம் அந்தப் பட்டியல்களில் இருக்காது.

வெப்சைட் பற்றி அதிகம் தெரியாதவர்களுக்காக இதை எழுதுகிறேன். படித்தபடியே ஒவ்வொரு வேலையாகச் செய்துகொண்டு போகலாம். என் கணிப்பில், சிறு வியாபாரி பார்க்க வேண்டியது இரண்டே விஷயம். சாதாரண நாளில் அந்த சைட்டைத் திறந்து திருத்தப்போவது யார்? நாளைக்கு வேறு இடத்துக்கு மாற வேண்டுமென்றால் எதையெல்லாம் எடுத்துக்கொண்டு போக முடியும்? டிசைன், அனிமேஷன், கலர் எல்லாம் அப்புறம்.

சிஎம்எஸ் என்ற சொல் அடிக்கடி காதில் விழும். சைட்டில் உள்ள எழுத்து, படம், விலை எல்லாவற்றையும் தோற்றத்திலிருந்து பிரித்து வைத்து, லாகின் செய்து நீங்களே மாற்ற விடும் மென்பொருள் அது. விலை ஏறினால் உள்ளே போய்த் திருத்தி, அப்டேட் பட்டனை அழுத்தினால் முடிந்தது. கோடிங் தெரிய வேண்டாம்.

முதல் வேலை: சைட் எதற்கு என்று பேப்பரில் எழுதுங்கள்

கம்ப்யூட்டரைத் திறக்க வேண்டாம். ஒரு தாளில் ஒரே ஒரு வரி: “இந்த சைட்டைப் பார்த்தவர் அடுத்து என்ன செய்ய வேண்டும்?” போன் செய்ய வேண்டுமா, கடைக்கு வர வேண்டுமா, அங்கேயே பணம் கட்டிப் பொருள் வாங்க வேண்டுமா? இந்த ஒரு வரிக்குத் தகுந்தபடி பிளாட்ஃபார்ம் மாறும்.

உண்மையைச் சொன்னால் நிறையக் கடைகளுக்கு வெப்சைட் அவசரமே இல்லை. ஆம்பூரில் பைபாஸ் ஓரம் ஒரு பிரியாணிக் கடை வைத்திருக்கிறீர்கள். சென்னையிலிருந்து பெங்களூர் போகும் காரில் இருப்பவர் கூகுள் மேப்பில் தேடித்தான் வண்டியைத் திருப்புகிறார். அவருக்கு வேண்டியது சரியான லொகேஷன், திறந்திருக்கும் நேரம், நாலு நல்ல போட்டோ, போன் நம்பர். இதெல்லாம் கூகுள் பிசினஸ் புரொஃபைலில் இலவசமாகவே போடலாம். அதை முதலில் ஒழுங்காகச் செய்துவிட்டு, பிறகு வெப்சைட் பற்றி யோசிக்கலாம்.

ஆனால் அதை மட்டுமே நம்பி இருக்கவும் வேண்டாம். அதே புரொஃபைலில் முன்பு இலவசமாக ஒரு குட்டி வெப்சைட்டும் செய்துகொள்ள முடிந்தது. 2024 மார்ச்சில் கூகுள் அந்த வசதியையே நிறுத்திவிட்டது. அதை விசிட்டிங் கார்டில் அடித்து வைத்தவர்களின் முகவரி பயனில்லாமல் போனது. சொந்த டொமைன், அதாவது காசு கொடுத்துத் தங்களுக்கென்று வாங்கிய இணைய முகவரி, வைத்திருந்தவர்கள் அதே பெயரை வேறு சைட்டுக்குத் திருப்பிவிட்டு வேலையைப் பார்த்தார்கள்.

லாட்ஜ் கதை வேறு. சிஎம்சிக்கு மேற்கு வங்கம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் என்று எங்கிருந்தெல்லாமோ வருகிறார்கள். ஊரிலிருந்து கிளம்பும் முன்பே ரூம் தேடுகிறார்கள். காட்பாடியில் இறங்கி எப்படி வருவது, ஆஸ்பத்திரிக்கு நடந்து போகும் தூரமா, லிஃப்ட் இருக்கிறதா, ரூமில் சமைக்க விடுவார்களா, ஒரு மாதம் தங்கினால் வாடகை குறையுமா என்பதுதான் அவர்கள் கேள்வி. வெளிநாட்டவரைத் தங்க வைத்தால் 24 மணி நேரத்துக்குள் அவர் விவரத்தை ஆன்லைனில் பதிய வேண்டியிருப்பதால், பாஸ்போர்ட்டும் விசாவும் கையில் இருக்க வேண்டும் என்பதையும் சைட்டிலேயே சொல்லிவிடலாம். இதற்கு ஆன்லைன் புக்கிங் இன்ஜின் எதுவும் வேண்டாம். தெளிவான நாலைந்து பக்கமும், தொட்டால் வாட்ஸ்அப் திறக்கும் ஒரு பட்டனும் போதும். ஆனால் மொழி வேண்டும். எல்லாப் பக்கத்தையும் மூன்று மொழியில் போடக் கிளம்பினால் ஒன்றும் உருப்படாது. முழு சைட் ஆங்கிலத்தில் இருக்கட்டும். எல்லாத் தகவலையும் சுருக்கிச் சொல்லும் ஒரே ஒரு பெங்காலிப் பக்கம், ஒரு ஹிந்திப் பக்கம் சேருங்கள். கூகுள் டிரான்ஸ்லேட்டில் போட்டு எடுத்ததை அப்படியே ஏற்றாமல், தங்கியிருக்கும் யாரிடமாவது படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். மகிழ்ச்சியாகத் திருத்திக் கொடுப்பார்கள்.

ராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடி பக்கம் தோல் பொருள் செய்து வெளிநாட்டு பையருக்கு (வாங்குபவருக்கு) அனுப்புகிறவர் என்றால், சைட்டின் வேலை நம்பிக்கை தருவது. என்ன செய்கிறோம், மாதம் எவ்வளவு செய்ய முடியும், என்ன சான்றிதழ் இருக்கிறது, யாருக்கு மெயில் போடுவது என்பதுதான் உள்ளடக்கம். அந்த மெயில் சொந்த டொமைனில் இருப்பது முக்கியம். பையர் முதலில் அதைத்தான் பார்ப்பார். இங்கே பொருளைத் தேர்ந்தெடுத்து வாங்கும் கார்ட் பட்டன் தேவையே இல்லை.

கடைசியாக, நேரடியாகச் சில்லறையில் விற்க நினைப்பவர்: பெல்ட், செருப்பு, ஆற்காடு மக்கன் பேடா, ஆரணிப் பட்டு. இவர்களுக்குத்தான் ஆன்லைன் கடை. கரிகிரி மண்பாண்டம் மாதிரி ஒவ்வொன்றும் தனித்தனி உருவமாக, வழியில் உடையக்கூடியதாக இருந்தால், முதல் வருடம் வாட்ஸ்அப் கேட்டலாக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் ஓட்டிப் பார்த்துவிட்டு அப்புறம் கடை திறப்பது நல்லது.

இரண்டாவது: யார் திருத்துவார்?

எதற்கு என்று எழுதிய வரிக்குக் கீழே ஒரு பெயரை எழுதுங்கள். உங்கள் பெயர், மகள் பெயர், கவுன்டரில் இருக்கும் தம்பியின் பெயர், எதுவானாலும் சரி. “சைட் போட்டுக் கொடுப்பவரே பார்த்துக்கொள்வார்” என்று எழுதினால், ஒவ்வொரு தீபாவளிக்கும் லீவு அறிவிப்புப் போட அவர் போனை எடுக்கும்வரை காத்திருக்க வேண்டியதுதான்.

அந்தப் பெயருக்கு உரியவர் போனில் மட்டும் வேலை செய்பவரா, கம்ப்யூட்டரிலும் உட்காருவாரா? போன் மட்டும் என்றால் மொபைல் ஆப் நன்றாக இருக்கும் பிளாட்ஃபார்ம்தான் சரிப்படும். விக்ஸ், ஷாப்பிஃபை இரண்டும் இதில் வசதி. வேர்ட்பிரஸ்ஸுக்கும் ஆப் உண்டு, ஆனால் எலிமென்டர் மாதிரி, இழுத்து வைத்துப் பக்கம் கட்டும் பேஜ் பில்டரில் செய்த பக்கத்தைப் போனில் திருத்துவது பெரும் அவஸ்தை.

வீட்டில் காலேஜ் படிக்கும் பையன் இருக்கிறான், அவன் செய்துவிடுவான் என்பது இந்த ஊரில் சகஜமான பதில். விஐடியில் படிக்கிற பிள்ளைக்குத் தெரியாமல் இருக்காதுதான். படிப்பு முடிந்து அவன் பெங்களூர் போன பிறகு யார் என்பதையும் யோசியுங்கள்.

மூன்றாவது: டொமைனை உங்கள் பெயரில் வாங்குங்கள்

பிளாட்ஃபார்மைத் தேர்ந்தெடுக்கும் முன்பே இதைச் செய்துவிடலாம், செய்யவும் வேண்டும். கடையின் சைட் எங்கே மாறினாலும் டொமைன் உங்களோடு வரும். அதனால் டொமைன் கணக்கு உங்கள் மெயிலில், உங்கள் மொபைல் நம்பரில், உங்கள் பெயரில் இருக்க வேண்டும். டெவலப்பரின் கணக்கில் அவர் வாங்கிக் கொடுத்தால், பில் கட்டியது நீங்களாக இருந்தாலும் சாவி அவர் கையில்.

டாட் காமா, டாட் இன்னா என்று குழம்ப வேண்டாம். உள்ளூர் வியாபாரத்துக்கு டாட் இன் போதும். ஏற்றுமதி என்றால் டாட் காம். தமிழிலேயே பெயர் வைத்து ‘டாட் இந்தியா’ என்று முடியும் டொமைனும் கிடைக்கிறது. ஆசைக்கு ஒன்று வாங்கி வைக்கலாம், முதன்மை முகவரியாக வேண்டாம். மெயில் விஷயத்தில் தகராறு செய்யும்.

பெயர் தேர்வு செய்யும்போது நம் ஊர்ப் பெயர்களில் ஒரு சிக்கல் உண்டு. குடியாத்தத்தை ஆங்கிலத்தில் ஆளுக்கு ஒரு மாதிரி எழுதுகிறார்கள். வாலாஜாவின் கடைசியில் ‘எச்’ உண்டா இல்லையா என்பது போர்டுக்குப் போர்டு மாறும். போனில் ஒரு முறை சொன்னால் தப்பில்லாமல் டைப் செய்யக்கூடிய பெயராக இருக்கட்டும். ஹைபன் வேண்டாம்.

முதல் வருடம் 99 ரூபாய் என்ற விளம்பரத்தைப் பார்த்து மட்டும் வாங்காதீர்கள். ரினியூவல் விலை எவ்வளவு என்று அதே பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும்; நீங்கள் வருடா வருடம் கட்டப்போவது அதைத்தான். முடிந்தால் மூன்று வருடத்துக்குச் சேர்த்து வாங்கிவிடுங்கள்.

நான்காவது: பிளாட்ஃபார்ம்களைப் பார்ப்போம்

இவற்றை இரண்டு வகையாகப் பிரித்துப் பாருங்கள். சொந்தமாக இடம் பிடித்து வீடு கட்டுவது ஒன்று, எல்லா வசதியும் உள்ள வீட்டில் வாடகைக்கு இருப்பது இன்னொன்று. முதல் வகையில் வேர்ட்பிரஸ், ஜூம்லா, த்ரூபல். இரண்டாவதில் விக்ஸ், ஸ்கொயர்ஸ்பேஸ், ஷாப்பிஃபை, ஜோஹோ சைட்ஸ், கூகுள் சைட்ஸ், பிளாகர்.

வேர்ட்பிரஸ்: 2003இல் வலைப்பதிவு எழுதுவதற்காக மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் இருவரும் தொடங்கியது. இன்று உலகில் உள்ள வெப்சைட்டுகளில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் இதில்தான் ஓடுகின்றன. மென்பொருள் இலவசம், யாரும் எடுத்துப் பயன்படுத்தலாம். ஆனால் அதை ஓட்ட ஹோஸ்டிங், அதாவது சைட்டை வைக்க இணையத்தில் ஒரு வாடகை இடம், வாங்க வேண்டும். இங்கேதான் புதியவர்கள் குழம்புவார்கள்: வேர்ட்பிரஸ் டாட் ஆர்க் என்பது அந்த இலவச மென்பொருளின் வீடு, வேர்ட்பிரஸ் டாட் காம் என்பது ஆட்டோமேட்டிக் என்ற நிறுவனம் அதே மென்பொருளை வைத்து நடத்தும் வாடகை சேவை. அதில் சேர்ந்தால் எந்த பிளானில் என்னென்ன செய்ய விடுகிறார்கள் என்று படித்துப் பார்த்துக் கட்ட வேண்டும்.

வேர்ட்பிரஸ்ஸின் பலம் இரண்டு. முழு சைட்டையும், டேட்டாபேஸோடு சேர்த்து, மூட்டை கட்டி வேறு ஹோஸ்டிங்குக்குத் தூக்கிக்கொண்டு போகலாம். இன்னொன்று, வேலை தெரிந்த ஆள் எளிதில் கிடைப்பார். சத்துவாச்சாரியிலும் காட்பாடி காந்தி நகரிலும் தேடினாலே போதும். பலவீனம் பராமரிப்பு. வேர்ட்பிரஸ், தீம் (சைட்டின் தோற்றம்), பிளகின் (கூடுதல் வசதி தரும் துணை மென்பொருள்) மூன்றையும் அவ்வப்போது அப்டேட் செய்ய வேண்டும். வேர்ட்பிரஸ் சைட் ஹேக் ஆகிவிட்டது என்று கேள்விப்படும்போது, பெரும்பாலும் காரணம் அப்டேட் செய்யாமல் விட்ட ஒரு பிளகின்தான். காசு கொடுத்து வாங்க வேண்டிய தீமை ‘நல்டு’ என்று இலவசமாகத் தருவார்கள். அதில் திருட்டுக் கோடு ஒளிந்திருக்க வாய்ப்பு அதிகம், தொடவே தொடாதீர்கள். வேர்ட்பிரஸ்ஸில் கடை போட வேண்டுமென்றால் வூகாமர்ஸ் என்ற இலவச பிளகினைச் சேர்க்கலாம். நெகிழ்வாக இருக்கும், கூடவே பராமரிப்பும் ஏறும்.

ஜூம்லா, த்ரூபல் இரண்டும் நல்ல மென்பொருள்கள்தான். பெரிய நிறுவனம், பல்கலைக்கழகம், அரசுத் துறை என்றால் த்ரூபல் பொருந்தும். உங்கள் கடைக்கு வேண்டாம். பழுது பார்க்க ஆள் தேடி அலைய வேண்டியிருக்கும்.

விக்ஸ்: இழுத்து இழுத்து வைத்தால் பக்கம் தயார். ஹோஸ்டிங், பாதுகாப்பு, அப்டேட் எதுவும் உங்கள் தலைவலி கிடையாது. இலவச பிளானில் அவர்கள் விளம்பரம் தெரியும், சொந்த டொமைனை இணைக்க முடியாது. பெரிய குறை என்னவென்றால், விக்ஸில் கட்டிய சைட்டை விக்ஸுக்கு வெளியே கொண்டுபோக முடியாது. பொருள் பட்டியலை எடுக்கலாம். பக்கங்களைத் திரும்ப முதலிலிருந்து கட்ட வேண்டும். ஐந்து பக்க லாட்ஜ் சைட்டுக்கு இது ஒரு பொருட்டே இல்லை. ஒரு வாரத்தில் வேறு இடத்தில் கட்டிவிடலாம். நூறு கட்டுரை, ஐநூறு பொருள் என்று வளரப்போகிறவர் யோசிக்க வேண்டும். ஸ்கொயர்ஸ்பேஸ் அழகான டெம்ப்ளேட்டுகளுக்குப் பேர்போனது. போட்டோகிராபருக்கு ஏற்றது, ஒரே சைட்டில் பல மொழி என்று வந்தால் சிரமம்.

ஜோஹோ சைட்ஸ் நம் தமிழ்நாட்டு நிறுவனத்தினுடையது. ரூபாயில் பில் வரும், ஜிஎஸ்டி இன்வாய்ஸ் கிடைக்கும். ஏற்கெனவே ஜோஹோ மெயிலோ ஜோஹோ புக்ஸோ வைத்திருப்பவர்கள் முதலில் இதைப் பார்ப்பது நியாயம். கிளினிக், ஆடிட்டர் ஆபீஸ், டியூஷன் சென்டர் போன்றவற்றுக்குப் போதும்.

பணமே செலவழிக்க வேண்டாம் என்றால் கூகுள் சைட்ஸ் அல்லது பிளாகர். இரண்டிலும் சொந்த டொமைனை இணைக்கலாம், செலவு டொமைனுக்கு மட்டும்தான். தோற்றம் சுமாராக இருக்கும். ஒரு பக்கத்தில் முகவரி, நேரம், விலைப்பட்டியல் போட இது தாராளம்.

ஷாப்பிஃபை: ஆன்லைனில் விற்பதற்கென்றே செய்தது. ஸ்டாக் கணக்கு, சைஸ், கலர் வாரியாகப் பொருள், தள்ளுபடி கூப்பன், ஆர்டர் நிலவரம் எல்லாம் கச்சிதமாக இருக்கும். பொருள் பட்டியலையும் வாடிக்கையாளர் பட்டியலையும் எக்செல்லில் திறக்கக்கூடிய சிஎஸ்வி கோப்பாக இறக்கிக்கொள்ளலாம். ஆனால் ஒரு கணக்கு இருக்கிறது. ஷாப்பிஃபையின் சொந்தப் பேமெண்ட் வசதி இந்தியாவில் இல்லை. ரேசர்பே மாதிரி, ஆன்லைனில் வரும் பணத்தை வாங்கி உங்கள் கணக்கில் சேர்க்கும் வேறொரு கேட்வேயை இணைக்க வேண்டும். அப்போது கேட்வே தன் பங்கை எடுக்கும், அதற்கு மேல் ஷாப்பிஃபையும் ஒவ்வொரு விற்பனையிலும் ஒரு சதவீதத்தை எடுக்கும். சின்ன பிளானில்தான் அந்தச் சதவீதம் அதிகம்.

என் தேர்வைச் சொல்கிறேன். திருத்தப்போகிறவர் போன் மட்டும் வைத்திருப்பவர், பக்கமும் பத்துக்குள் என்றால் வாடகை வகையில் ஒன்று. உள்ளடக்கம் வருடா வருடம் சேர்ந்துகொண்டே போகும், கம்ப்யூட்டரில் உட்கார ஆள் இருக்கிறது என்றால் வேர்ட்பிரஸ். தினமும் பார்சல் போகிற கடை என்றால் ஷாப்பிஃபை. மாதத்துக்கு நாலு பார்சல் போகும் கடைக்கு ஷாப்பிஃபை வாடகை தெண்டம். ஒரு சாதாரண சைட்டும் யூபிஐ க்யூஆர் கோடும் வைத்துச் சமாளிக்கலாம்.

ஐந்தாவது: தமிழை வைத்துச் சோதியுங்கள்

மனதில் ஒன்றோ இரண்டோ பிளாட்ஃபார்ம் தேறியிருக்கும். காசு கட்டும் முன் சோதித்துப் பார்க்க வழி உண்டு. விக்ஸின் இலவச பிளானே சோதனைக்குப் போதும். ஷாப்பிஃபை சில நாள் டிரயல் தரும். வேர்ட்பிரஸ்ஸுக்கு ‘வேர்ட்பிரஸ் பிளேகிரவுண்ட்’ என்று தேடுங்கள். எதையும் இன்ஸ்டால் செய்யாமல் பிரவுசருக்குள்ளேயே முழு வேர்ட்பிரஸ் ஓடும். சேமிக்காமல் டேபை மூடினால் செய்தது போய்விடும், அதனால் பயமில்லாமல் விளையாடலாம்.

சோதனையை நீங்கள் செய்யாதீர்கள். இரண்டாவது வேலையில் பெயர் எழுதினீர்களே, அவரை உட்கார வைத்துச் செய்யச் சொல்லுங்கள். ஒரு பொருளின் விலையை மாற்றட்டும். ஒரு தமிழ்ப் பத்தியையும் போட்டோவையும் ஏற்றட்டும். ‘பொங்கலுக்கு மூன்று நாள் கடை விடுமுறை’ என்று முகப்பில் போட்டு, பிறகு எடுக்கட்டும். நீங்கள் பக்கத்தில் நின்று சொல்லித் தராமல் இதைச் செய்ய முடிந்தால் அந்த பிளாட்ஃபார்ம் பாஸ்.

அப்புறம் தமிழ் எழுத்து. பெரும்பாலான டெம்ப்ளேட்டுகளின் ஃபான்ட்டில் தமிழே கிடையாது; அதனால் தமிழ் மட்டும் போனின் சொந்த ஃபான்ட்டில், ஆங்கிலத்தோடு ஒட்டாமல் தெரியும். நோட்டோ சான்ஸ் தமிழ், முக்தா மலர், கேட்டமரன், ஹிந்த் மதுரை போன்றவை கூகுள் ஃபான்ட்ஸில் இலவசம். உங்கள் பிளாட்ஃபார்மில் இவற்றைத் தேர்ந்தெடுக்கவோ ஏற்றவோ முடிகிறதா பாருங்கள். தலைப்பில் ‘கீ’, ‘பூ’, ‘ழு’ வருமாறு எழுதிப் பாருங்கள். வரி இடைவெளி ஆங்கிலத்துக்கு அளந்து வைத்ததாக இருந்தால் மேல் சுழியும் கீழ் வாலும் வெட்டுப்படும். ‘தொடர்புகொள்ளுங்கள்’ என்று பட்டனில் போட்டால் வெளியே வழிகிறதா என்பதையும் பாருங்கள். வழிந்தால் ‘அழைக்க’ என்று சுருக்குங்கள்.

இன்னொரு பெரிய கண்ணி, பழைய மேட்டர். கடையின் நோட்டீஸ், மெனு, ஃபிளெக்ஸ் எல்லாம் பிரஸ்ஸில் பாமினி, வானவில் போன்ற பழைய ஃபான்ட்டில் அடித்து வைத்திருப்பார்கள். அந்தக் கோப்பிலிருந்து காப்பி செய்து சைட்டில் ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியும் கலந்த குப்பையாக வரும். அது யூனிகோட், அதாவது எல்லாப் போனும் கம்ப்யூட்டரும் ஒரே மாதிரி படிக்கும் எழுத்துமுறை, இல்லை என்பதே காரணம். யூனிகோடுக்கு மாற்றும் கன்வெர்ட்டர்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு பக்கம்தான் என்றால் போன் கீபோர்டில் புதிதாக டைப் செய்துவிடுவதே சீக்கிரம். அந்தத் தொல்லைக்குப் பயந்து மெனுவைப் படமாக ஏற்றிவிடுகிறவர்கள் அதிகம். படத்தில் இருக்கும் எழுத்தைத் தேடுபொறி சரியாகப் படிக்காது, போனில் பார்ப்பவர் விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். வேண்டாம்.

பக்கத்தின் முகவரி, அதாவது யூஆர்எல்லின் கடைசிப் பகுதி, தமிழ்த் தலைப்பிலிருந்து தானாகத் தமிழிலேயே உருவாகும். வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது எழுத்தாக விரிந்து, சதவீதக் குறிகளாக ஒரு முழம் நீளத்துக்கு வந்து நிற்கும். வேர்ட்பிரஸ்ஸில் அந்தப் பகுதிக்கு 200 எழுத்து என்று வரம்பு இருப்பதால், நீளமான தமிழ்த் தலைப்பு பாதியில் வெட்டுப்படவும் செய்யும். தலைப்பு தமிழில் இருக்கட்டும். யூஆர்எல்லைக் கையால் ஆங்கிலத்தில் சுருக்கமாக மாற்றிவிடுங்கள்.

ஆறாவது: மூன்று வருடக் கணக்குப் போடுங்கள்

முதல் வருட விலையை வைத்து எந்த முடிவும் எடுக்காதீர்கள். டொமைன், ஹோஸ்டிங் அல்லது மாத வாடகை, காசு கொடுத்து வாங்கும் தீம், பிளகின், மெயில் வசதி, மாற்றம் செய்யும் ஆளுக்குக் கூலி, இவற்றை மூன்று வருடத்துக்குக் கூட்டிப் பாருங்கள். விளம்பரத்தில் தெரியும் விலையில் 18 சதவீத ஜிஎஸ்டி பெரும்பாலும் சேர்ந்திருக்காது. ‘மாதம் இவ்வளவுதான்’ என்பது நான்கு வருடத்துக்கு மொத்தமாக முன்பணம் கட்டினால் வரும் கணக்காக இருக்கும்.

ஆன்லைன் விற்பனைக்குப் பேமெண்ட் கேட்வே ஏறத்தாழ 2 சதவீதம் எடுக்கும், அந்தக் கட்டணத்துக்கு ஜிஎஸ்டி தனி. 500 ரூபாய்க்கு ஒரு பெல்ட் விற்றால் 11 ரூபாய் 80 பைசா போகும். அதோடு கூரியர், பேக்கிங். லாபம் அறுபது ரூபாய் இருக்கும் பொருளில் இது பெரிய தொகை.

டாலரில் பில் போடும் சேவைகளில் இன்னொரு தொல்லை. 2021 அக்டோபரிலிருந்து ரிசர்வ் வங்கி விதிப்படி கார்டில் தானாகப் பணம் பிடிக்க முன்கூட்டியே பதிவு செய்த மேண்டேட் (உங்கள் அனுமதி) வேண்டும். அது சரியாக அமையாவிட்டால் ரினியூவல் நாளில் பணம் போகாது, சைட் நின்றுவிடும். கார்டு மாறினாலும் இதே கதை. ரினியூவல் தேதியைக் கடை காலண்டரிலேயே எழுதி வைத்து, ஒரு வாரம் முன்னதாகக் கையால் கட்டிவிடுவது பாதுகாப்பு.

கேட்வே கணக்குத் திறக்கும்போது சைட்டில் முகவரி, போன், ரீஃபண்ட் விதி, டெலிவரி விதி, பிரைவசி பக்கம் எல்லாம் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இவை தயாராக இல்லாததால்தான் பலருக்கு அப்ரூவல் இழுத்துக்கொண்டே போகிறது. தின்பண்டம் விற்றால் எஃப்எஸ்எஸ்ஏஐ (உணவுப் பாதுகாப்பு உரிமம்) நம்பரையும் போடுங்கள். மக்கன் பேடா மாதிரி சீக்கிரம் கெடும் பொருளை எந்தப் பின்கோடுகளுக்கு அனுப்ப முடியும் என்று கட்டுப்படுத்தும் வசதி உங்கள் பிளாட்ஃபார்மில் இருக்கிறதா என்று முன்பே பாருங்கள். வெளி மாநிலத்துக்குப் பொருள் விற்பதாக இருந்தால் ஜிஎஸ்டி பதிவு பற்றி ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். உள்ளூர் விற்பனைக்குப் பதிவு இல்லாமல் இருக்கவிடும் வரம்பு பெரும்பாலான பொருளுக்கு அங்கே செல்லாது.

ஏழாவது: ஆளிடம் கொடுத்துச் செய்வதானால்

“சார், 5000 ரூபாய்க்கு எல்லாம் சேர்த்து முடிச்சுத் தரோம்” என்பார்கள். விலையைக் குறை சொல்ல மாட்டேன். எதெல்லாம் சேர்த்து என்று கேட்க வேண்டும். பேச்சு பெரும்பாலும் இப்படிப் போகும்:

“லாகின் எல்லாம் நாங்களே வச்சுக்கறோம் சார், நீங்க கவலைப்படாதீங்க.”

“வச்சுக்கோ தம்பி. ஆனா டொமைன், ஹோஸ்டிங் ரெண்டும் என் மெயில்ல இருக்கட்டும். சைட்ல எனக்கும் அட்மின் குடு.”

இதற்குத் தயங்கினால் வேறு ஆளைப் பாருங்கள். ஒப்புக்கொண்டால் ஒரு தாளில் எழுதி வாங்குங்கள்: அட்மினிஸ்ட்ரேட்டர் லாகின் (எடிட்டர் லாகின் போதாது), ஹோஸ்டிங்கின் கன்ட்ரோல் பேனல் லாகின், காசு கொடுத்து வாங்கிய தீமின் லைசென்ஸ் யார் பெயரில், முதல் வருடத்துக்குப் பின் என்ன கட்டணம், மாதத்துக்கு எத்தனை சின்னத் திருத்தம். முழுப் பணத்தையும் லாகின்கள் கைக்கு வந்து, நீங்கள் உள்ளே போய்ப் பார்த்த பிறகே கொடுங்கள்.

தாங்களே எழுதிய சிஎம்எஸ் என்று சிலர் சொல்வார்கள். திறமையாகக்கூடச் செய்திருக்கலாம். அவர் கடையை மூடிவிட்டால் அதைத் திறந்து பார்க்க ஊரில் இன்னொருவர் இருக்க மாட்டார். எனக்கு அது ஒத்துவராது.

எட்டாவது: சைட்டை ஏற்றும் நாள்

போட்டோக்களைச் சுருக்குங்கள். போனில் எடுத்த படம் நாலைந்து எம்பி இருக்கும். 1200 பிக்சல் அகலத்துக்குக் குறைத்து 200 கேபிக்குள் கொண்டுவந்தால் சிக்னல் சுமாராக இருக்கும் ஒடுகத்தூரிலும் திறக்கும். வேர்ட்பிரஸ் ஹோஸ்டிங் வாங்குகிறவர்கள் சர்வர் இடமாக இந்தியாவைத் தேர்ந்தெடுங்கள்.

முகவரியைக் கவனமாக எழுதுங்கள். 2019இல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் இப்போது திருப்பத்தூர் மாவட்டம். ஆற்காடும் வாலாஜாவும் ராணிப்பேட்டை மாவட்டம். கடை போர்டில் இன்னும் பழைய மாவட்டமே இருக்கலாம். சைட், கூகுள் புரொஃபைல், ஜிஎஸ்டி சான்றிதழ் மூன்றிலும் ஒரே முகவரி இருக்கட்டும். ஆனால் வெளியூர்க்காரர் வேலூர் என்றுதான் தேடுவார். அதனால் ‘வேலூரிலிருந்து இத்தனை கிலோமீட்டர்’ என்று ஒரு வரியை முகப்பிலேயே சேருங்கள்.

பழைய சைட் இருந்தால், அதன் பக்கங்கள் புதிய பக்கங்களுக்குத் தானாகத் திரும்பும்படி ‘301 ரீடைரெக்ட்’ போடச் சொல்லுங்கள். சொல்லாவிட்டால் பெரும்பாலோர் போட மாட்டார்கள், கூகுளில் இத்தனை நாள் சேர்த்த இடம் போய்விடும்.

பேக்கப்பை (சைட்டின் நகலை) முதல் நாளே அமையுங்கள். வேர்ட்பிரஸ்ஸில் அப்டிராஃப்ட்பிளஸ் மாதிரி ஒரு பிளகின் போட்டு, வாரம் ஒருமுறை கூகுள் டிரைவுக்குப் போகுமாறு செய்யலாம். அதே ஹோஸ்டிங்கில் மட்டும் சேமித்தால் ஹோஸ்டிங் போகும்போது பேக்கப்பும் சேர்ந்து போகும். வாடகை பிளாட்ஃபார்ம் என்றால் பொருள் பட்டியலையும் வாடிக்கையாளர் பட்டியலையும் மாதம் ஒருமுறை சிஎஸ்வியாக இறக்கி, பக்கங்களின் எழுத்தை ஒரு டாக்குமெண்ட்டில் ஒட்டி வையுங்கள். எல்லா லாகினையும் ஒரு நோட்டில் எழுதி, கடையின் மற்ற பத்திரங்களோடு வைத்துவிடுங்கள். அந்த நோட்டு எங்கே இருக்கிறது என்று வீட்டில் இன்னொருவருக்கும் தெரிந்திருக்கட்டும்.